கார்பன் ப்ரீப்ரெக் பாகத்தில் ஊசித்துளைகள்: வேக்குவம் இறங்கவில்லை, பிறகு ஏன்?

கேள்வி:
வணக்கம். ட்ரோன் இறக்கைக்கு எல் வடிவ பிராக்கெட் செய்கிறேன். நெசவு கார்பன் ப்ரீப்ரெக் (ரெசின் முன்பே ஊறிய கார்பன் துணி), 12 அடுக்கு. ஆட்டோகிளேவ் (அழுத்தமும் கொடுக்கும் அடுப்பு) கிடையாது, வேக்குவம் பேக் (காற்றை உறிஞ்சி எடுக்கும் பை) போட்டு ஓவனில் 120 டிகிரியில் க்யூர், அதாவது ரெசினை இறுக வைப்பது. முதல் இரண்டு பீஸ் கண்ணாடி மாதிரி வந்தன. போன வாரம் செய்த மூன்றிலும் தோசைக்கண் மாதிரி பொடிப்பொடியாகத் துளைகள். வேக்குவம் கேஜ் முள் கடைசி வரை அசையவில்லை. ரோல் கெட்டுவிட்டதா?

பதில் 1:
ஒரு பீஸை வளைவுக்குக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து லென்ஸில் பாருங்கள். வளைவில் மட்டும் துளை குவிந்திருந்தால், துணி மூலையில் உட்காராமல் பாலம் போட்டு நிற்கிறது. எங்கும் உருண்டையாகப் பரவியிருந்தால் ஈரத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

கேட்டவர்:
அறுத்துப் பார்த்தேன் அண்ணா. தட்டையான இடத்திலும் அடுக்குகளுக்கு நடுவே உருண்டை உருண்டையாக இருக்கிறது. ஆனால் ரோல் மைனஸ் 18 ஃப்ரீசரில்தானே இருந்தது, ஈரம் எங்கிருந்து வரும்?

பதில் 2:
வெளியே எடுத்து எவ்வளவு நேரத்தில் கவரைப் பிரித்தீர்கள் தம்பி?

கேட்டவர்:
அரை மணி நேரம். அவசர வேலை. ரோல் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது, துணியால் துடைத்துவிட்டேன். முதல் இரண்டு பீஸுக்கு ராத்திரி முழுக்க வெளியே வைத்திருந்தேன்.

பதில் 2:
சரி, காரணம் அதுதான். துடைத்தது மேலே இருந்ததை மட்டும். ரெசின் குடித்தது உள்ளேயே இருக்கிறது. 120 டிகிரியில் நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய 2 பார். உங்கள் பேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளிக்காற்று அமுக்குவது 1 பார்தான், குமிழை நசுக்க அது போதாது. ஆட்டோகிளேவில் 6, 7 பார் கொடுப்பதால் இதே தப்பு அங்கே பல நேரம் வெளியே தெரியாது.

இனி கவரோடு வைத்து, வெளியே பனித்துளி கோப்பது முழுதாக நின்ற பிறகே பிரியுங்கள். மூன்று அடுக்குக்கு ஒருமுறை டீபல்க், அதாவது வேக்குவம் போட்டு அடுக்குகளை அமுக்கி இடையில் உள்ள காற்றை எடுங்கள். ஓரங்களில் கண்ணாடி நூல் வைத்து பிரீதர் (பைக்குள் காற்று போக வழிவிடும் துணி) வரை வழி விடுங்கள், காற்றும் ஈரமும் வெளியேற வேண்டுமே. ரோலின் நனைந்த சுற்றை வெட்டிப் பயிற்சிக்கு வையுங்கள். அந்த மூன்று பீஸையும் தயவுசெய்து பறக்கவிடாதீர்கள். அடுக்குகளுக்கு இடையே உள்ள பிடிப்பைத்தான் துளை முதலில் தின்னும்.

கேட்டவர்:
மூன்றையும் அறுத்துப் போட்டுவிட்டேன். நேற்று செய்த பீஸில் தட்டைப் பகுதி சுத்தம். வளைவில் மட்டும் இரண்டு துளை தெரிகிறது; அடுத்த முறை அந்த மூலையில் பேக்குக்குக் கூடுதல் மடிப்பு விட்டுப் பார்க்கிறேன்.