நீலத்தாடிக்காரன் கதையில் நாவல் தெரியுமா?

வணக்கம். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் நாங்கள் ஆறேழு பெண்கள் மாதம் ஒரு நாவல் படிக்கிறோம். அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட நீலத்தாடிக்காரன் கதைதான் தெரியுமே. புது மனைவியிடம் சாவிக்கொத்தை நீட்டி, அந்த ஓர் அறையை மட்டும் திறக்காதே என்பான். உள்ளே பழைய மனைவிகளின் பிணங்கள். அதை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்த நாவல்கள் வேண்டும். பெல்ஜிய எழுத்தாளர் அமெலி நொதோம் 2012-இல் அப்படி வெளியிட்ட நாவலைப் படித்தாயிற்று. பேச்சு அதிகம், பயம் கம்மி.

பெரோவின் கதையில் மனைவியை அவள் அண்ணன்மார் வந்து காப்பாற்றுவார்கள். எனக்கு அது வேண்டாம். நம் குண்டலகேசி மாதிரி, கொல்ல வந்த கணவனை அவளே மலையிலிருந்து தள்ளிவிட வேண்டும்!

பிரெஞ்சு, ஆங்கிலம் எதுவானாலும் சரி. தமிழில் இருந்தால் மின்னூலாகக் கிடைக்குமா என்றும் சொல்லுங்கள். 200 பக்கத்தைத் தாண்டினால் பாதிப் பேர் படிக்காமலே வருவார்கள்.