மதகு, படித்துறைப் படங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பது எப்படி? போனில் தெரியவில்லை

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். நீடாமங்கலம் பக்கம் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாற்றுக் கரைகளில் இருக்கும் மதகு, ஷட்டர், படித்துறை எல்லாவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம்) குறித்துக்கொண்டு வருகிறேன். மூணாறு தலைப்பு (இந்த மூன்று ஆறும் பிரியும் இடம்) மாதிரி பெரியவை எல்லோருக்கும் தெரியும். கிளை வாய்க்காலில் இருக்கும் சின்ன மதகுகளுக்குத்தான் எங்கே தேடினாலும் ஒரு படம் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் கரை உடைப்பெடுத்தால் எந்த மதகு, யார் வயலுக்குப் போகும் மதகு என்று போனில் விளக்கியே நேரம் போய்விடுகிறது, படம் இருந்தால் புதிதாக வருபவருக்கும் அடையாளம் தெரியும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடு.

பிரச்சினை இதுதான்: எடிட்டரில் படம் ஏற்றும் பட்டனே காணோம். இமேஜ் என்ற டேக்கில் (ஓர் இடத்தைப் பற்றிய விவரக் குறிப்பு) என் போன் ஆல்பத்தின் பகிர்வு இணைப்பைக் கொடுத்தேன். தளத்தில் இணைப்பாக மட்டும் நிற்கிறது, போனில் இருக்கும் ஓஎஸ்எம்ஆண்ட் வரைபடச் செயலியில் ஒன்றுமே வரவில்லை. வேறு எப்படிச் சேர்ப்பது?

கொள்ளிடக்கரை:
பட்டன் இல்லாததற்குக் காரணம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படங்களைச் சேமிப்பதே இல்லை. இடம், வடிவம், டேக் இவ்வளவுதான் அங்கே இருக்கும். படம் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும், டேக் அதைச் சுட்டிக்காட்டும். ஆல்பத்தின் பகிர்வு இணைப்பைத் திறந்தால் வருவது ஒரு வலைப்பக்கம், படக்கோப்பு இல்லை. அதனால் செயலிக்கு அதிலிருந்து படத்தை எடுக்கத் தெரியாது. நீங்கள் நாளைக்கு ஆல்பத்தை அழித்தால் இணைப்பும் செத்துவிடும்.

விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். கணக்கு இலவசம், கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். வாய்க்கால் பெயர், ஊர்ப் பெயர் இரண்டையும் பெயரிலேயே சேர்த்துவிட்டால் பின்னால் தேட எளிது. ஏற்றியதும் மதகைத் திறந்து விக்கிமீடியா காமன்ஸ் டேக்கைப் போடுங்கள் (ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு). மதிப்பில் ஃபைல் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, அப்புறம் கோப்பின் முழுப்பெயர். கடைசியில் வரும் ஜேபிஜி வரைக்கும் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறக்கூடாது, ஆகவே கையால் அடிக்காமல் கோப்பின் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். பழைய இமேஜ் டேக்கை எடுத்துவிடலாம்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி சார். ஒரு மதகுக்கு அப்படியே செய்துவிட்டேன், தளத்தில் டேக்கை அழுத்தினால் காமன்ஸ் பக்கம் திறக்கிறது. ஆனால் ஓஎஸ்எம்ஆண்டில் இன்னும் படம் வரவில்லையே?

கடைமடை:
டேக் சரியாக இருக்கிறது என்றால் வரைபடக் கோப்புதான் பழசு. ஓஎஸ்எம்ஆண்டில் நீங்கள் பார்ப்பது போனில் இறக்கி வைத்த கோப்பு, அது வழக்கமாக மாதம் ஒருமுறைதான் புதிதாக வரும். அடுத்த கோப்பை இறக்கியதும், மதகைத் தொட்டு விவரப் பகுதியை மேலே இழுத்தால் ஆன்லைன் போட்டோக்கள் என்ற இடத்தில் தெரியும். வரைபடம் போனில் இருந்தாலும் படம் இணையத்திலிருந்துதான் வரும், அதனால் டேட்டா ஆனில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஊர்க்காரர்களிடம் படம் கேட்டு வாங்குவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அதிலுள்ள ஜிபிஎஸ் இடத்தகவல் போய்விடும், எந்த வாய்க்கால் மதகு என்று நீங்கள் திரும்பவும் கேட்க வேண்டி வரும்.

கொள்ளிடக்கரை:
வாங்கினாலும் ஏற்ற வேண்டியது படம் எடுத்தவர்தான். காமன்ஸில் போட்டால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்கும்கூட, எடுத்தவர் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. இதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூகுள் மேப்ஸ், பேஸ்புக், செய்தித்தாள் படங்களை எடுத்துப் போடவே கூடாது, நீக்கிவிடுவார்கள்.

அரசலாறு:
தம்பி, படித்துறை என்றீர்களே, அதற்காக ஒன்று சொல்ல வேண்டும். காலையிலும் சாயங்காலமும் அங்கே பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். ஆள் இல்லாத நடுப்பகலில் போய் எடுங்கள், தூரத்தில் யாராவது இருந்தாலும் காத்திருங்கள். காமன்ஸில் முகத்தைத் தானாக மங்கலாக்கும் வசதி கிடையாது, ஒருமுறை போய்விட்டால் அந்தப் படம் உலகம் பூராவும் நகலாகிவிடும். எங்கள் பக்கத்துப் படித்துறையை யாரோ எடுத்துப் போட்ட படத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களின் முகம் தெளிவாகத் தெரிந்தது, அவர்கள் எவ்வளவு வருத்தப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கரையோரச் சாலையை வரிசையாக எடுப்பதாக இருந்தால் மேப்பில்லரி என்ற தெருப்படத் தளம் நல்லது, முகத்தையும் வண்டி நம்பரையும் அதுவே மங்கலாக்கிவிடும்.

தலைப்பு, ரெகுலேட்டர் பக்கம் போனால் லஸ்கரிடம் (ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியர்) ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். எந்த ஷட்டர் எந்த வாய்க்காலுக்கு என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை, பெயரையும் அப்படியே குறித்துக்கொள்ளலாம்.

வெண்ணாற்றங்கரை:
நடுப்பகலிலேயே போகிறேன் அக்கா. ஒரே மதகுக்கு இரண்டு படம் போடலாமா?

கடைமடை:
கட்டாயம் போடுங்கள். சித்திரை, வைகாசியில் ஆறு காய்ந்து கிடக்கும்போது ஒன்று எடுத்தால்தான் கதவும் அடித்தளமும் தெரியும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்தபிறகு எடுத்தால் பாதி மதகு தண்ணீருக்குள் போய்விடும், ஆனால் வெள்ள நேரத்தில் தேடி வருபவர் பார்க்கப்போவது அந்தக் கோலத்தைத்தான், அதனால் அதுவும் வேண்டும். டேக்கில் கோப்பின் பெயருக்குப் பதிலாக காமன்ஸ் பகுப்பின் (பல படங்களை ஒன்றாக வைக்கும் தொகுப்பு) பெயரையும் கொடுக்கலாம், அதற்கு முன்னால் ஃபைலுக்குப் பதில் கேட்டகரி என்று ஆங்கிலத்தில் வர வேண்டும். வாய்க்காலுக்கு ஒரு பகுப்பு, அதற்குள் மதகுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

வெண்ணாற்றங்கரை:
சரி, பகுப்பை இன்றைக்கே தொடங்குகிறேன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் யாராவது இருந்தால் பாமணியாற்றின் கீழ்ப்பகுதி மதகுகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

கடைமடை:
நான் பார்த்துக்கொள்கிறேன். பகுப்பின் பெயரை மட்டும் இங்கே போட்டுவிடுங்கள், என் படங்களையும் அதற்குள்ளேயே சேர்த்துவிடுகிறேன்.