புர்காவோடு உடற்பயிற்சி: எங்கிருந்து ஆரம்பிக்க?

ஐஸ்ஹவுஸ்காரி:
பி.காம். இரண்டாம் வருடம். மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. போன வருடம் ஒரு ஜிம்மில் மூன்று மாதப் பணம் கட்டி, நான்கே நாளில் நின்றுவிட்டேன். ‘பெண்களுக்குத் தனி நேரம்’ என்றார்கள். போனால் டிரெய்னர் ஆண், மூன்று பக்கமும் கண்ணாடி. டிரெட்மில்லில் புர்கா நுனி சிக்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடியே நடந்தேன். யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தானா, தெரியாது. அப்புறம் போகவில்லை. ‘கட்டின காசு என்னாச்சு’ என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

பழைய ஹாஸ்டல்வாசி:
எனக்கும் ஜிம் ஒத்துவரவில்லை, தங்கச்சி. ரூம்மேட்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மெரினா நடைபாதையில் ஏறி உழைப்பாளர் சிலை வரை நடப்போம். முதல் வாரம் கண்ணகி சிலையோடு திரும்பிவிட்டோம், அவ்வளவுதான் முடிந்தது. மணலில் இறங்காதே, பழகாத கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஷாலுக்கு ஊசி குத்தாதே. கடற்காற்று இழுக்கிற இழுப்பில் கழன்று கழுத்தில் ஏறும் (எனக்கு ஏறியது). தலைவழியே மாட்டுகிற பனியன் துணி ஹிஜாப் போதும். புர்கா கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், உள்ளே தொளதொள பேன்ட். சிரிப்பைப் பற்றிக் கவலையா? நாங்கள் போன நாட்களில் தாத்தாக்கள் வட்டமாக நின்று கைதட்டி, சும்மாவே ‘ஹா ஹா’ என்று சிரிப்பார்கள். பயிற்சியாம்! அவர்களைத் தாண்டி நம்மை யார் பார்க்கப்போகிறார்கள்?

பி.டி. டீச்சர்:
நடக்கும்போது பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். மழை நாளில் மொட்டை மாடி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, டாக்டரைப் பாருங்கள். என் மாணவிகளில் பல பேர் சோம்பேறி என்று தங்களையே திட்டிக்கொண்டு அலைந்தார்கள், பாவம்.

ஐஸ்ஹவுஸ்காரி:
ரத்தம் கொடுத்தாச்சு, ரிசல்ட் நாளைக்கு. ரூம்மேட்டுக்கு எங்கே போவது? அம்மாவையே கூப்பிட்டேன். ‘செருப்போடவே நடக்கலாமா?’ என்கிறார்.