அம்மாபேட்டை சொந்தங்கள்

செல்வி அத்தை: வெள்ளிக்கிழமை அப்பா திதி, 9 மணிக்குள்ள வந்துருங்க. பரண் ஒழிக்கிறோம், வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் பீப்பீ கெடக்கு, காயலான்கடைக்கு போட்டுடவா?

ரவி சித்தப்பா: அக்கா தொடாத!!

ரவி சித்தப்பா: அது கிராஃப்டன் சாக்ஸபோன்க்கா. ஏற்காடு எஸ்டேட் துரை ஊருக்கு போறப்ப அப்பாவுக்கு குடுத்தது. லண்டன்ல இருந்த ஒரு இத்தாலிக்காரர் டிசைன், 1950லேர்ந்து வித்தாங்க, பித்தளைய விட சல்லிசா கெடைக்கட்டும்னு உடம்ப அக்ரிலிக்ல வார்த்து சாவி கம்பிய மட்டும் உலோகத்துல வெச்சாங்க. 1953ல டொரான்டோ கச்சேரில அமெரிக்க ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசிச்சது கிராஃப்டன்தான், அவரோட சாக்ஸ் 1994ல ஏலத்துல 93,500 பவுண்டு

தீபக்: 😳😳

கவிதா: நம்மது எவ்ளோ போகும் சித்தப்பா

ரவி சித்தப்பா: விக்கிற பேச்சே வேணாம்

மணி பெரியப்பா: பாகம் பிரிச்சப்ப இத யாரும் சொல்லல

செல்வி அத்தை: அண்ணா ஆரம்பிக்காத. தட்டுவடை யாரு வாங்கிட்டு வர்றது?

தீபக்: நான்

கவிதா: பிளாஸ்டிக்ல சத்தம் நல்லாவா இருக்கும்

ரவி சித்தப்பா: பாடறது உள்ள இருக்கிற காத்துதான்மா. நாயனத்துல சீவாளி மாதிரி இதுல ரீடு துடிக்குது, குழலுக்குள்ள காத்து அதிருது, சுவர் அதிர்றது ரொம்ப கம்மி. 1971ல கோல்ட்மேன்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் வெள்ளி, செம்பு, மரம்னு ஒரே அளவுல புல்லாங்குழல் செஞ்சு கண்ணுல காட்டாம வாசிச்சா, கேட்டவங்களால எது எதுன்னு பிரிக்க முடியல. துளையோட அளவு, ஓட்டை விளிம்பு, சாவிக்கு அடில இருக்கிற மெத்தை ஓட்டைய காத்து போகாம மூடுதா, இதுலதான் நாதமே இருக்கு

மணி பெரியப்பா: அப்ப நாயனத்துக்கு ஏன் பழைய வீட்டு ஆச்சா மரத்த தேடி அலையறாங்க?

ரவி சித்தப்பா: பழைய மரம் நல்லா காஞ்சிருக்கும்ணா, கடைஞ்சா லேசுல வெடிக்காது, எச்சி ஈரம் பட்டாலும் துளை அவ்ளோ மாறாது. அக்ரிலிக் ஈரத்துக்கு அசையாது, ஆனா கீழ விழுந்தா போச்சு

செல்வி அத்தை: வாய் ஓரத்துல அரிசி நீளத்துக்கு விரிசல் இருக்கு, அரக்கு வெச்சு அடைச்சிருக்கு. கட்டவெரல் வெக்கிற எடம் மஞ்சளா தேஞ்சிருக்கு

மணி பெரியப்பா: விரிசல் நான் போட்டது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா அன்னிக்கு கைதவறி. அப்பா ஒரு வார்த்தை திட்டல, ராத்திரி முழுக்க அரக்கு உருக்கிட்டு உக்காந்திருந்தாரு

கவிதா: 🙏

ரவி சித்தப்பா: அண்ணா நீயே வெச்சுக்கோ

மணி பெரியப்பா: வெள்ளிக்கிழமை நேர்ல பேசலாம்

ரவி சித்தப்பா: அக்கா தின்னர் ஸ்பிரிட்டு எதுவும் போட்டு தொடச்சிடாத, அக்ரிலிக் வெடிப்பு விட்டுடும். அப்பா வேட்டில சுத்தி வை

செல்வி அத்தை: சரிடா. சாப்பாட்டுக்கு 22 பேரா 24 பேரா?