மறு: பழுதுக் குறியீடா, முறையீட்டு எண்ணா?

வணக்கம்.

காரின் கணினிகள் பதிந்துவைத்திருப்பதைப் படிக்கிற ஸ்கேனரில் வருகிற அந்த ஐந்தெழுத்துச் சங்கதிக்கு, அதாவது டயக்னாஸ்டிக் ட்ரபிள் கோட் என்பதற்கு, நம் கலைச்சொல் பட்டியலில் "பழுதுக் குறியீடு" என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் ராமநாதபுரத்தில் கார் வயரிங் வேலை பார்க்கிறவன், இலக்கணம் பேசப் போவதில்லை. அந்தச் சொல்லை அப்படியே நம்பினால் வண்டிக்காரருக்கு எவ்வளவு தண்டம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

> பழுது எங்கே என்று கணினியே சொல்லிவிடுவதால் "பழுதுக் குறியீடு" பொருத்தம்.

சொல்வதில்லை ஐயா, தகராறே அங்கேதான். இப்போதைய காரில் இன்ஜினுக்கு ஒரு கணினி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, டேஷ்போர்டே ஒரு கணினி. பாஷ் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த கேன் பஸ் முறையில், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர் வழியாக இவை பேசிக்கொள்கின்றன. எதிர்பார்த்த செய்தி வந்துகொண்டிருக்கிறதா, சென்சார் வோல்டேஜ் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றும் பார்த்துக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் இந்தக் கோட் ஒன்றைப் பதிந்துவைத்து விளக்கைப் போடும். என்ன கண்டது என்று சொல்லும், ஏன் என்று அதற்கே தெரியாது.

கீழக்கரை காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வது) ஒருவரின் வண்டியைச் சொல்கிறேன். ராமேஸ்வரம் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை என்று ஓடுகிற வாடகைக் கார், சவாரி இல்லாத நாளில் ஐஸ் பெட்டியோடு மீனும் ஏறும். திடீரென்று ஒரு நாள் டேஷ்போர்டில் ஏபிஎஸ், ஸ்டியரிங், ஹேண்ட்பிரேக் என்று எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்திருக்கின்றன, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து மறுபடி எரிந்திருக்கின்றன. ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டதும் யு0121 என்று வந்தது. ஏபிஎஸ் கணினியோடு தொடர்பு அறுந்தது என்று அர்த்தம். உடனே ஏபிஎஸ் யூனிட் போச்சு, முழுசாக மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். "தம்பி, அந்தக் காசுக்கு நான் ஒரு பழைய வண்டியே வாங்கிடுவேன்" என்று என்னிடம் வந்தார்.

யு0121-ஐப் பதிந்தது ஏபிஎஸ் இல்லை, இன்ஜின் கணினி. "அவன் என்னோடு பேச மாட்டேங்கிறான்" என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். பேசாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். முதலில் பேட்டரி பார்த்தேன், நின்றபடி 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி, குறை இல்லை. அடுத்தது கேன் வயர். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டில் 6, 14 ஆம் பின்களுக்கு நடுவே ஓம் மீட்டர் வைத்தால் 60 காட்ட வேண்டும், ஏனென்றால் கேன் வயர்களின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இணையாக உட்கார்ந்திருக்கிறது. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது என்று பிடித்துவிடலாம். இதில் 60 வந்தது.

அப்புறம்தான் எர்த், அதாவது கரண்ட் வண்டித் தகடு வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற இணைப்பு. இங்கே பலரும் ஏமாறுவது எப்படியென்றால், மீட்டரை பஸ்ஸரில் வைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள், பீப் அடிக்கும், எர்த் நல்லாருக்கு என்று போய்விடுவார்கள். கரண்ட் ஓடாதபோது வயரின் ஒரே ஒரு கம்பி நூல் ஒட்டியிருந்தால்கூட பீப் அடிக்கும். பேட்டரியை மறுபடி மாட்டி, லோடு கொடுத்து, ஏபிஎஸ் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்க வேண்டும். 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் நின்றது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் லக்கில் (வயர் முனை வளையத்தில்) பச்சைக் களிம்பு, அடியில் தகடு துருவாக உதிர்கிறது. காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபம் கடற்கரையில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை, அந்த உப்புக் காற்றில்தான் இந்த வண்டி தினமும் ஓடுகிறது. ஏபிஎஸ் மோட்டார் கரண்ட் இழுக்கும்போதெல்லாம் எர்த் பக்கம் வோல்டேஜ் ஏறி ஏபிஎஸ் கணினி மயங்கி விழுந்திருக்கிறது, மற்றவை கூச்சல் போட்டிருக்கின்றன. சுரண்டி, புது லக் அடித்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவிய பிறகு விளக்கு எரியவில்லை.

ஆக, புகார் சொன்னது இன்ஜின் கணினி. புகார் ஏபிஎஸ் மேல். குற்றவாளி ஒரு போல்ட். மூன்றும் வெவ்வேறு. "பழுதுக் குறியீடு" என்று எழுதினால் வாசிக்கிறவர் கண்ணில் ஏபிஎஸ்தான் பழுது.

> ஆங்கிலத்திலேயே ட்ரபிள் என்றுதானே இருக்கிறது?

இருக்கட்டுமே. அங்கே பெயர் அப்படி வைத்தவர்கள்கூட வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ-யின் ஜே2012 என்ற தரப் பட்டியலில் விளக்கம் எழுதும்போது ஜாக்கிரதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பி0115-க்கு கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கிற நீர்) வெப்பநிலை "சர்க்யூட்" என்று இருக்கிறது. சர்க்யூட் என்றால் வயர், கனெக்டர், எர்த், சென்சார் எல்லாமே அடக்கம். கடையில் போய் சென்சாரை மட்டும் வாங்குகிறவர்கள் நாம்தான். பி0301 மாதிரி முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாகப் பற்றவில்லை) என்று விரல் நீட்டிச் சொல்கிற கோட் வந்தாலும் கதை இதுதான், பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்று நாம்தான் தேட வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு "முறையீட்டு எண்".

"பிராது" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த சொல், எங்கள் பக்கம் ஊர்ப் பஞ்சாயத்தில் இன்றைக்கும் "பிராது கொடுத்தான்" என்றுதான் பேச்சு. பாரசீக வழி வந்தது என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன், கார் என்பது மட்டும் சங்கத்திலிருந்தா வந்தது? (வந்தது, ஆனால் மேகமாக.) என் தயக்கம் வேறு, நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. இலங்கை வழக்கான "முறைப்பாடு" இன்னும் துல்லியம், அந்த ஊர் வானொலியைக் கேட்டு வளர்ந்த இந்தக் கரைக்கு அது அந்நியமும் இல்லை. ஆனால் மதுரை தாண்டினால் விளக்க வேண்டியிருக்கும். முறையீடு இரண்டு கரையிலும் புரியும். மனு வாசனை அடிக்கிறது என்கிறீர்கள், அடிக்கட்டும், மனு கொடுத்த உடனே யாரும் தண்டனை கொடுப்பதில்லை அல்லவா, வேண்டியது அந்த வாசனைதான்.

குறி, குறியீடு வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. பட்டறையில் எந்தச் சொல்லையும் சுருக்குவார்கள். "குறி என்ன வந்துச்சு?" என்று ஒருத்தன் கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் கோடாங்கியிடம் குறி கேட்பதை நினைப்பார்கள். யு0121-இல் எழுத்து இருக்கிறதே, எண் எப்படி ஆகும் என்று கேட்டால், எங்கள் மாவட்டத்து டிஎன் 65-ஐயும் வண்டி எண் என்றுதானே சொல்கிறோம்.

நல்ல சொல்லுக்குப் பின்னால் மற்ற சொற்கள் தானே வரும். ஒரு தடவை மட்டும் கண்டு, விளக்குப் போடாமல் வைத்திருப்பது "நிலுவை முறையீடு". அடுத்த ஓட்டத்திலும் கண்டுவிட்டால் "உறுதியான முறையீடு". ஃப்ரீஸ் ஃப்ரேம், அதாவது கோட் பதிந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், வெப்பம் எவ்வளவு என்ற பதிவு, "முறையீட்டு நேரப் பதிவு" (உறைச்சட்டகம் என்று யாரோ எழுதியதைப் பார்த்து ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது). காரணம் பார்க்காமல் ஸ்கேனரில் அழித்து அனுப்புகிறார்களே, அதற்கு "தள்ளுபடி" என்று நான் பட்டறையில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், அதைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

எர்த்துக்கு "புவித்தொடுப்பு" என்று பட்டியலில் இருப்பது வீட்டு வயரிங்குக்குச் சரி, ரப்பர் டயரில் நிற்கிற காருக்குச் சரியில்லை. அதைத் தனி இழையில் பேசலாம், இங்கே இழுத்தால் இது முடியாது.

பட்டியலுக்கான வரைவு:

முறையீட்டு எண்: வண்டியிலுள்ள ஒரு கணினி, தான் கண்ட ஒழுங்கின்மையைப் பதியும் எழுத்தும் எண்ணும் கொண்ட தொடர். பி (P) என்றால் இன்ஜின், கியர் பக்கம்; சி பிரேக், ஸ்டியரிங் பக்கம்; பி-யோடு குழம்பாமலிருக்க பாடிக்கு உரிய பி-யை (B) "பாடி பி" என்று எழுதலாம்; யு கணினிகளுக்கிடையேயான தொடர்பு.

அந்த இரண்டு பி-க்கு யாராவது நல்ல வழி சொல்லுங்கள், தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பது கட்டாயம் இடிக்கும். செயலித் திரையில் இடம் போதாத இடத்தில் "முறையீடு யு0121" என்று சுருக்கிக்கொள்ளலாம்.