வீட்டு பியர்: ஒரே ஒரு சாமான் வாங்கத்தான் காசு, எதை வாங்கலாம்?

புதுநுரை:
வணக்கம் நண்பர்களே. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்தின் சாறு) வைத்து 20 லிட்டர் அளவில் பியர் காய்ச்சுகிறேன். அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளி, ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பான்), 12 லிட்டர் பாத்திரம், ஹைட்ரோமீட்டர் எல்லாம் கைவசம் இருக்கின்றன. இப்போதைக்குப் பெரிதாக ஒன்றுதான் வாங்க முடியும். பெரிய எவர்சில்வர் அண்டாவா, கூம்பு வடிவ ஸ்டீல் நொதிகலனா, பாட்டிலுக்குப் பதில் பியரை அடைக்கும் கெக்கா என்று ஒரே குழப்பம். பியரில் இரண்டு குறை: தின்னர் மாதிரி வாடை, கூடவே தொண்டையில் எரிச்சல். அப்புறம், சில பாட்டில்கள் மட்டும் திறந்ததும் பொங்கி வழிகின்றன. எதை வாங்கினால் இது தீரும்?

மால்ட்மூட்டை:
வாங்குவது இருக்கட்டும். நொதிக்கும்போது வாளி என்ன சூட்டில் இருந்தது? என்ன ஈஸ்ட்?

புதுநுரை:
அறை 27 டிகிரி. சாதாரண ஏல் ஈஸ்ட்தான். பாக்கெட்டில் 18 முதல் 22 வரை என்று போட்டிருக்கிறது.

மால்ட்மூட்டை:
சரி, பிடிபட்டது. நொதித்தல் மும்முரமாக நடக்கும்போது ஈஸ்டே வெப்பத்தைக் கிளப்பும். வாளிக்குள் அறையைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடும். ஆக உங்கள் ஈஸ்ட் 30-இல் வெந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தச் சூட்டில் ஃபியூசல் என்ற காட்டமான ஆல்கஹால் அதிகமாகும், அதுதான் எரிச்சல். தின்னர் வாடைக்குக் காரணம் எத்தில் அசிடேட். இதே அறையில் ஸ்டீல் கலன் வைத்தாலும் அதே பியர்தான், பாத்திரம் மட்டும் பளபளக்கும்.

என் ஓட்டு பழைய ஃபிரிட்ஜுக்கும் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலருக்கும். ஃபிரிட்ஜ் பிளக்கைக் கன்ட்ரோலரில் சொருகி 18-இல் வையுங்கள். சென்சாரை ஃபிரிட்ஜுக்குள் சும்மா தொங்க விடாதீர்கள். வாளியின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து டேப் சுற்றுங்கள். இல்லாவிட்டால் அது காற்றின் சூட்டைத்தான் அளக்கும்; கம்ப்ரசர் நொடிக்கொரு தரம் ஓடி நின்று கெட்டுப்போகும். கம்ப்ரசர் தாமதம் என்று ஒரு செட்டிங் இருக்கும், அதையும் சில நிமிடங்களுக்கு வைத்துவிடுங்கள். முதல் மூன்று நாள்தான் முக்கியம். அதற்குப் பிறகு சூடு கொஞ்சம் ஏறினாலும் கெடுதல் இல்லை, மிச்ச வேலையை ஈஸ்ட் முடிக்க அது உதவும்கூட.

ஹாப்புக்கிறுக்கன்:
ஃபிரிட்ஜ் வைக்க இடம் இல்லாதவர்களுக்கு: க்வேக் வகை ஈஸ்ட் வாங்குங்கள். நார்வே பண்ணைகளில் வழிவழியாக வந்தது, 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும். லேசான ஆரஞ்சு மணம் வரும், அது பிடிக்க வேண்டும். ஒரு பாக்கெட் ஈஸ்டோடு செலவு முடிந்தது. இல்லை, பழைய ஈஸ்ட்தான் வேண்டுமென்றால் வாளியை அகலமான தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். அலுப்புப் பிடித்த வேலை, ஆனால் பலன் உண்டு.

புதுநுரை:
அப்போ அண்டா வேண்டாமா? எக்ஸ்ட்ராக்ட் இல்லாமல் முழுத் தானியத்தில் காய்ச்ச ரொம்ப ஆசை.

அடுப்படிவாசி:
அண்டா தனியாக வராது, கூடவே செலவையும் கூட்டி வரும். 20 லிட்டர் பியருக்குக் கொதிக்கத் தொடங்கும்போதே 25 லிட்டருக்கு மேல் வேண்டும். பொங்காமல் இருக்க 35 லிட்டர் அண்டாவாவது தேவை. அதை வீட்டு அடுப்பு கொதிக்க வைக்குமா? வைத்தாலும் அவ்வளவையும் ஆற வைக்கச் செம்புச் சுருள் குழாய் வேண்டும். உங்கள் 12 லிட்டர் பாத்திரமே போதும். தானியத்தைத் துணிப்பையில் போட்டு ஊற வைத்து, பையைத் தூக்கி வடித்துவிடுங்கள். 7, 8 லிட்டர் பியர் கிடைக்கும். ஆற வைக்கத் தொட்டியில் ஐஸ் தண்ணீர் போதும்.

மால்ட்மூட்டை:
பொங்கும் பாட்டில்களை மறந்துவிட்டோம். எல்லாமே பொங்கினால் நொதித்தல் முடியும் முன்பே அடைத்திருக்கிறீர்கள் என்று சொல்லலாம். சிலது மட்டும் என்றால், பாட்டிலில் நுரை வருவதற்காகப் போடும் சர்க்கரை சரியாகக் கலக்கவில்லை, இல்லை அழுக்கு. சர்க்கரையைக் கரண்டிக் கணக்கில் போடாமல் எடை போடுங்கள். 20 லிட்டருக்கு 120 கிராம், கொதிக்க வைத்துக் கரைத்து, பாட்டில் நிரப்பும் வாளியில் முதலில் ஊற்றி அதன் மேல் பியரை விடுங்கள். வாளிக் குழாயையும் கழற்றிப் பாருங்கள். திருகும் இடத்துக்குள் பழுப்பாக ஒரு பிசுக்கு ஒட்டியிருந்தால், எத்தனை சானிடைசர் ஊற்றினாலும் அதன் அடியில் இருக்கும் கிருமி சாகாது. மிச்ச பாட்டில்களை இப்போதே ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே இருந்தால் வெடிக்கக்கூடும்.

புதுநுரை:
கழற்றினேன். பழுப்பேதான், நாற்றம் வேறு. குழாயை மாற்றிவிடுகிறேன். பழைய ஃபிரிட்ஜும் ஒன்று கிடைக்கிறது, ஆனால் உள்ளே பின்பக்கம் கம்ப்ரசர் மேடு இருக்கிறது. வாளியை மேட்டில் ஏற்றினால் ஏர்லாக் இடிக்கும்.

ஹாப்புக்கிறுக்கன்:
மேட்டுக்கு முன்னால் அதே உயரத்துக்குக் கட்டை கொடுத்து, மேலே பலகை போட்டு வாளியை வையுங்கள். ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, மறுமுனையைச் சானிடைசர் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். உயரமும் மிச்சம், நுரை பொங்கினாலும் பாட்டிலுக்குள்ளேயே போய்விடும்.