ஆறாவது ஸ்லைடு வந்ததும் கூட்டம் கையை விட்டுப் போகிறது

வரும் வியாழக்கிழமை 40 பேர் முன்னால் 20 நிமிடம் பேச வேண்டும். சக ஊழியர்களை வைத்து இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். இரண்டு முறையும் ஆறாவது ஸ்லைடில்தான் சிக்கல். அதுவரை என் முகத்தைப் பார்த்தவர்கள், கண்ணைச் சுருக்கித் திரையைப் படிக்க ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் போனை எடுத்துப் படமே பிடித்துவிட்டார். நான் பேசுவது யார் காதிலும் விழவில்லை.

அதில் இருப்பது ஓர் எக்செல் அட்டவணை. 12 மாதம், 5 பிரிவு, ஆக 60 எண்கள். சொல்ல வேண்டியதோ ஒன்றே ஒன்று: ஜூலைக்குப் பிறகு ஒரு பிரிவில் மட்டும் புகார்கள் இரட்டிப்பாகிவிட்டன.

பவர்பாயிண்ட் 2019, 16:9 அளவு. அறை நீளம், புரொஜெக்டர் கொஞ்சம் மங்கல், கடைசி வரிசை சுமார் 10 மீட்டர் தள்ளி.

எழுத்தை 14-லிருந்து 18 ஆக்கினேன், அட்டவணை ஸ்லைடைத் தாண்டிப் போனது. வரி வரியாக வரும்படி அனிமேஷன் போட்டேன், அது இன்னும் மோசம். ஐந்து கோடுகள் கொண்ட வரைபடமாக்கினேன், சிக்கிய நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் பி விசையை அழுத்தித் திரையைக் கறுப்பாக்கினேன். அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள்! ஆனால் எண்களைக் காட்டாமல் விட மேலாளர் சம்மதிக்கவில்லை.

இப்போதைய யோசனை: நான்கு கோடுகளைச் சாம்பல் நிறமாக்கி, அந்த ஒன்றை மட்டும் சிவப்பில் காட்டுவது, முழு அட்டவணையை அச்சிட்டுக் கையில் கொடுப்பது. அந்தத் தாளைப் பேச்சுக்கு முன்பே கொடுப்பதா, முடிந்த பிறகா?